வயிற்றுக்குள் ஓடும் பெரிய குழாய் ஏன் புடைக்கிறது?



2024ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் தேதி நடிகர் ரஜினிகாந்த் சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 73. இதயத்திலிருந்து புறப்படும் முக்கிய இரத்தக்குழாயில் ஒரு வீக்கம் இருந்தது என்றும், நெஞ்சைத் திறக்காமல், இரத்தக்குழாய் வழியாகவே உள்ளே போய், டாக்டர் சாய் சதீஷ் அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்து அந்த வீக்கத்தை அடைத்துவிட்டார் என்றும் மருத்துவமனை அறிக்கை வெளியிட்டது. சில நாளில் அவர் நலமாக வீடு திரும்பினார்.

அந்த வாரம் முழுவதும் என்னிடம் மருந்துக்கு வந்தவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “டிரசர் ஐயா, கை வீங்கும், கால் வீங்கும், கேள்விப்பட்டிருக்கோம். குழாய் எப்படி ஐயா வீங்கும்?”

நல்ல கேள்வி. ரஜினிக்கு அது ஏன் வந்தது என்று மருத்துவமனை அறிக்கை சொல்லவில்லை. நாமும் ஊகம் பேச வேண்டாம். ஆனால் பொதுவாக இந்த நோய் எப்படி உண்டாகிறது என்பதை இன்றைய விஞ்ஞானம் ஓரளவுக்குக் கண்டுபிடித்திருக்கிறது. அது நம் பெரியவர்கள் பலரைத் தொடும் விஷயம். ஆகவே இந்த மாதம் இந்தப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எந்தக் குழாய் அது?

டாக்டர்கள் அதை அயோர்ட்டா என்பார்கள். தமிழில் பெருந்தமனி. உடம்பிலேயே பெரிய இரத்தக்குழாய் இதுதான். இதயத்தின் இடது பக்கத்திலிருந்து மேலே கிளம்பி, கைத்தடியின் பிடியைப் போல வளைந்து, முதுகெலும்பை ஒட்டியே கீழே இறங்கி, தொப்புள் அளவுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து இரண்டு கால்களுக்கும் போகிறது. மூளை, ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாவற்றுக்கும் இரத்தம் இதன் கிளைகள் வழியாகத்தான் போய்ச் சேருகிறது.

வயிற்றுப் பகுதியில் இந்தக் குழாயின் அகலம் சாதாரணமாக 2 செண்டிமீட்டர் இருக்கும். ஏறக்குறைய நம் கட்டைவிரல் தடிப்பு. அது 3 செண்டிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்துவிட்டால் அதற்கு அனியூரிசம் என்று பெயர். நாம் குழாய்ப் புடைப்பு என்று சொல்லிக் கொள்வோம். இந்தப் புடைப்பு நெஞ்சிலும் வரலாம், வயிற்றிலும் வரலாம். வயிற்றில் வருவதுதான் அதிகம்.

தேய்ந்த மோட்டார் சைக்கிள் டயரைப் பார்த்திருப்பீர்கள். ஓரிடத்தில் மட்டும் உள்நூல் அறுந்து, அந்த இடம் கொழுக்கட்டை மாதிரிப் புடைத்து நிற்கும். ஓட்டிக்கொண்டே இருப்போம், ஒன்றும் ஆகாது. ஒருநாள் நடுரோட்டில் ‘டப்’பென்று போய்விடும். இந்த நோயின் நடத்தையும் அப்படித்தான். ஆனால் டயருக்கு உயிர் இல்லை, பெருந்தமனிக்கு உயிர் உண்டு. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சுவருக்குள்ளே வேலை செய்பவர்கள்

பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்கு. உள் அடுக்கு, இரத்தம் வழுக்கிக்கொண்டு ஓடுவதற்கான மெல்லிய தோல். வெளி அடுக்கு, கொலாஜன் என்ற கயிறு போன்ற நாரால் பின்னிய உறை. நடு அடுக்குதான் முக்கியமானது. அதில் எலாஸ்டின் என்ற பொருள் தகடு தகடாக இருக்கிறது. எலாஸ்டின் நம் ரப்பரைப் போன்றது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு இலட்சம் தடவை அடிக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் குழாய் விரிந்து சுருங்க வேண்டும். அந்த வேலையைத் தாங்குவது இந்த எலாஸ்டின்.

அந்தத் தகடுகளுக்கு நடுநடுவே குடியிருப்பவைதான் தசை உயிரணுக்கள். குழாயை இறுக்குவதும் தளர்த்துவதும் இவை. நாரையும் எலாஸ்டினையும் உண்டாக்குவதும், பழுது பார்ப்பதும் இவைதாம்.

பால் வெட்டியவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கத்தி கட்டையைத் தொடக்கூடாது என்று மண்டோர் ஏன் அப்படிக் கத்துவார்? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலே மெல்லிய உயிருள்ள படலம் ஒன்று இருக்கிறது. வெட்டிய இடத்தில் புதுப் பட்டை வளர்வது அதனால்தான். அது பிழைத்திருந்தால் எத்தனை வருஷம் வெட்டினாலும் மரம் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். அதில் கத்தி பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகப் போய்விடும். பிறகு எந்த உரம் போட்டும் அந்தப் பட்டை சரியாக வராது.

பெருந்தமனியின் தசை உயிரணுக்களும் அந்த உயிர்ப் படலம் மாதிரிதான். அவை இருக்கும் வரை சுவருக்கு வரும் சேதம் ஆறிக்கொண்டே இருக்கும். அவை செத்துப் போனால் சுவரைக் கவனிக்க ஆள் இல்லை. அதிலும் எலாஸ்டினை நம் உடம்பு பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலும் வளரும் பருவத்திலும்தான் செய்கிறது. வளர்ந்து ஆளான பிறகு புதிதாகச் செய்வது மிகவும் அரிது. சின்ன வயதில் கிடைத்ததை வைத்துத்தான் கடைசி வரை ஓட்ட வேண்டும்.

1997ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், புடைத்துப் போன பெருந்தமனிச் சுவர்த் துண்டுகளை எடுத்து, நல்ல குழாய்ச் சுவரோடு ஒப்பிட்டு, தசை உயிரணுக்களை எண்ணிப் பார்த்தார்கள். புடைத்த சுவரில் நாலில் மூன்று பங்கு உயிரணுக்கள் இல்லை! ஆகவே தோழர்களே, வீக்கம் என்று நாம் சொன்னாலும் இங்கே உள்ளது நீர் சேர்ந்த வீக்கம் அல்ல, சதை வளர்ந்த வீக்கமும் அல்ல. சுவர் உள்ளுக்குள்ளே ஆள் இல்லாமல் இளைத்துப் போய், இரத்தத்தின் அழுத்தத்துக்கு இடம் கொடுத்துவிடுகிறது. அதுதான் புடைப்பு.

உயிரணு எப்படிச் சாகிறது?

உயிரணு சாவது எப்போதும் கெட்டது அல்ல. வருஷா வருஷம் வெயில் காலத்தில் ரப்பர் மரம் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுப் புதுக் கொழுந்து விடுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். மரம் செத்துவிட்டது என்று யாரும் அழுவதில்லை. நம் உடம்பிலும் தினமும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் இப்படி முறையாக உதிர்கின்றன. 1972இல் கெர், வில்லி, கர்ரி என்ற மூன்று மருத்துவ விஞ்ஞானிகள் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்க மொழியில் இலை உதிர்வதைக் குறிக்கும் சொல் அது! இந்தச் சாவுக்கு உயிரணுவுக்குள்ளேயே திட்டம் எழுதி வைத்திருக்கிறது என்பதைச் சின்னஞ்சிறு புழுவை வைத்துக் கண்டுபிடித்த பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது.

இலை உதிர்வது சரி. ஆனால் உதிர்ந்த இடத்தில் புதுக் கொழுந்து வராவிட்டால்? உதிர வேண்டாத காலத்திலும் உதிர்ந்துகொண்டே இருந்தால்? பெருந்தமனியில் நடப்பது இதுதான். அங்கே தசை உயிரணுக்கள் ஒரே விதமாகச் சாகவில்லை. இதுவரை கண்டுபிடித்ததில் முக்கியமானவை நாலு விதம்.

முதலாவது, மேலே சொன்ன இலையுதிர்வு. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் காஸ்பேஸ் என்ற கத்தரிகள் மடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. கட்டளை வந்தால் அவை விரிந்து உயிரணுவை உள்ளிருந்தே துண்டு துண்டாக நறுக்கிவிடும். கட்டளை இரண்டு பக்கத்திலிருந்து வரலாம். வெளியிலிருந்து வருவது ஒன்று: உடம்பின் காவல்காரர்களான வெள்ளை அணுக்கள் உயிரணுவின் கதவில் உள்ள ஃபாஸ் என்ற மணியை அடிக்கும். உள்ளிருந்து வருவது மற்றொன்று: உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதாகி, சைட்டோகுரோம்-சி என்ற பொருள் கசியும். இரண்டில் எது நடந்தாலும் கத்தரி விரியும். புடைத்த பெருந்தமனிச் சுவருக்குள் வெள்ளை அணுக்கள் கூட்டமாகப் புகுந்து இந்த மணியை அடிப்பதற்கான சாட்சியம் 1999இல் வெளிவந்தது.

இரண்டாவது, வெடித்துச் சாவது. இதற்கு நெக்ரோப்டோசிஸ் என்று 2005இல் பெயர் வைத்தார்கள். கத்தரி விரியாமல் தடைபட்டால், ரிப்-1, ரிப்-3 என்ற இரண்டு புரதங்கள் கைகோத்து, மூன்றாவது புரதம் ஒன்றை எழுப்பி, உயிரணுவின் தோலில் ஓட்டை போடும். உயிரணு ஊதி வெடிக்கும். உள்ளே இருந்த சரக்கெல்லாம் வெளியே கொட்டும். இலையுதிர்வில் குப்பை தானாகப் பொறுக்கப்பட்டுவிடும். இங்கே குப்பை சிதறுகிறது. அதைப் பார்த்து மேலும் வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. 2015இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ரிப்-3 இல்லாமல் பிறந்த எலிகளுக்குப் பெருந்தமனிப் புடைப்பு உண்டாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகள் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டன.

மூன்றாவது, தீப்பிடித்துச் சாவது. பைரோப்டோசிஸ் என்பார்கள். ‘பைரோ’ என்றால் நெருப்பு. இங்கே காஸ்டெர்மின் என்ற புரதம் உயிரணுவின் தோலில் துளை போடுகிறது. அந்தத் துளை வழியாக வீக்கத்தையும் காய்ச்சலையும் கிளப்பும் இரசாயனங்கள் வெளியே பாயும். ஒரு வீடு எரிந்தால் லயம் முழுவதுக்கும் ஆபத்து என்பது நமக்குத் தெரியாதா? அதே கதைதான்.

நாலாவது, துருப்பிடித்துச் சாவது. ஃபெரோப்டோசிஸ் என்று 2012இல் பெயர் வந்தது. ‘ஃபெரோ’ என்றால் இரும்பு. உயிரணுவுக்குள் இருக்கும் இரும்பு, அதன் தோலில் உள்ள கொழுப்பைக் கெடுத்துத் துரு ஏறிய தகரம் போலப் பொத்தல் ஆக்கிவிடுகிறது. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சிகரெட் புகையின் சாற்றை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த இரத்தக்குழாய்த் தசை உயிரணுக்கள் மேல் விட்டுப் பார்த்தார்கள். அவை இந்த நாலாவது வழியில்தான் செத்தன.

இந்தப் பெயர்களை எல்லாம் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். குழாய்ச் சுவரின் காவலாளிகள் சும்மா வயதாகிச் சாகவில்லை. அவர்களைச் சாகடிக்கும் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களில் பெரியவை இரண்டு நம் கையில் இருக்கின்றன.

ஒன்று கெட்டால் ஒன்று

காவலாளி செத்த சுவருக்குள் வெள்ளை அணுக்கள் கூடுகின்றன என்று சொன்னேன். அவை சும்மா இருப்பதில்லை. எம்.எம்.பி. என்ற அரிக்கும் புரதங்களைக் கக்குகின்றன. கறையான் மரத்தைத் தின்பது போல அவை எலாஸ்டினையும் கொலாஜனையும் தின்கின்றன. சுவர் மெலிகிறது. மெலிந்த சுவர் விரிகிறது.

விரிந்த பிறகு இன்னொரு ஆபத்து. பலூன் ஊதியிருப்பீர்கள். முதல் மூச்சுக்குத்தான் கஷ்டம். கொஞ்சம் விரிந்துவிட்டால் அதற்கப்புறம் சுலபமாகப் பெரிதாகும். குழாய் அகலமாக ஆக, அதே இரத்த அழுத்தத்துக்கே சுவரின் மேல் விழும் இழுப்பு அதிகமாகிறது. இழுப்பு அதிகமானால் மிச்சமிருக்கும் தசை உயிரணுக்களுக்கும் தாங்க முடியாது, அவையும் சாகும். உயிரணு சாகச் சாக சுவர் மெலியும், சுவர் மெலிய மெலிய உயிரணு சாகும். செக்கு மாடு சுற்றுவது போல இதே சுற்று வருஷக் கணக்கில் நடக்கிறது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை, சத்தமே இல்லை.

யாருக்கு வரும்?

அறுபத்தைந்து வயதைத் தாண்டிய ஆண்கள், அதிலும் புகைத்தவர்கள் முதலிடம். இந்த நோய்க்கு சிகரெட்டைப் போன்ற கூட்டாளி வேறில்லை. சுருட்டோ, பீடியோ, இலைச் சுருட்டோ, எந்தப் புகையும் புகைதான். அடுத்தது இரத்தக் கொதிப்பு. அடுத்தது இரத்தத்தில் கொழுப்பு. தகப்பனுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்தப் புடைப்பு இருந்திருந்தால் உங்களுக்கும் வாய்ப்பு அதிகம். மார்ஃபன் நோய் என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கு, அவர்கள் பெரும்பாலும் நெட்டையாக, நீண்ட விரல்களோடு இருப்பார்கள், இளவயதிலேயே நெஞ்சில் புடைப்பு வரலாம்.

2019இல் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 30 பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது! ஆண்களில் நூற்றுக்கு 40 பேர் புகைத்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு உம்பாய், மெர்லிமாவ், ஜாசின் பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்ட நம் குடும்பங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

இப்போது பெருக்கிப் பாருங்கள். காலை நாலு மணிக்கு எழுந்து, கொசுவுக்கும் குளிருக்கும் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்து, பெரட்டுக்கு ஓடி, முப்பது நாற்பது வருஷம் வேலை செய்த நம் தகப்பன்மார்கள் இன்று அறுபத்தைந்து, எழுபது வயதில் இருக்கிறார்கள். இந்த நோய் தேடும் ஆள் அவர்கள்தாம்.

அறிகுறி என்ன?

பெரும்பாலும் ஒன்றும் இல்லை. சிலருக்கு மட்டும் படுத்திருக்கும்போது தொப்புளுக்கு மேலே இதயம் போலத் துடிக்கும் ஒரு கட்டி தெரியும். சிலருக்கு அடிமுதுகில் விடாத வலி இருக்கும்.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாந்து போகிறார்கள். வயிற்று வலி என்றால் வாய்வு. முதுகு வலி என்றால் அந்தக் காலத்தில் காண்டா தூக்கிய வலி. எல்லாவற்றுக்கும் ஒரு தைலம். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், ஓய்வு பெற்ற பால்வெட்டுத் தொழிலாளி, இரத்தக் கொதிப்பு மாத்திரை வாங்க வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: “ராத்திரி படுத்தா வவுத்துக்குள்ள தவளை குதிக்கிற மாதிரி இருக்குங்க. உருவிவிடச் சொல்லி ஆளுக்குச் சொல்லியிருக்கேன்.” நான் அவரைப் படுக்க வைத்துக் கையை வைத்துப் பார்த்தேன். கைக்கு அடியில் விம்மி விம்மித் துடித்தது. உருவ வேண்டாம் என்று சொல்லி, அன்றே கடிதம் எழுதி அனுப்பினேன். ஸ்கேனில் 6 செண்டிமீட்டர் என்று வந்தது. அறுவை செய்தார்கள். இன்றும் காலையில் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார். அவர் பேச்சுவாக்கில் சொல்லாமல் போயிருந்தால்?

ஆகவே தாய்மார்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் வயிற்றில் துடிக்கும் கட்டி என்று சொன்னால் தயவு செய்து எண்ணெய் போட்டு அழுத்தி உருவாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

வெடித்துவிட்டால் கதை வேறு. திடீரென்று வயிற்றிலோ முதுகிலோ கிழிப்பது போன்ற வலி வரும். வலி இடுப்புக்கும் கவட்டைக்கும் இறங்கும். உடம்பு சில்லிட்டு வியர்க்கும், தலை சுற்றும், மயக்கம் வரும். அப்போது சோடா வாங்கிக் கொடுத்துப் பார்ப்போம், விடியட்டும் பார்ப்போம் என்று உட்காராதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். சிறு கிளினிக்குக்கு ஓடி நேரத்தைக் கழிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். குழாய் வெடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்கு முன்பே இறந்து போகிறார்கள். பெரிய விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீனும் இந்த நோயில்தான் போனார். 1948இல் அவருடைய புடைப்பைச் செலோபேன் தாளால் சுற்றிக் கட்டினார்கள். அது ஆறு வருஷத்துக்கும் மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் வெடித்தது. அவருக்கு அப்போது 76 வயது.

கண்டுபிடிப்பது சுலபம்

இவ்வளவு பயங்கரமான நோயைக் கண்டுபிடிப்பது மட்டும் வெகு சுலபம். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் ஒரு பசை தடவி ஸ்கேன் பார்க்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் போதும். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிஷ வேலை.

இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வில் 65 முதல் 74 வயதுக்குட்பட்ட 67,800 ஆண்களைச் சேர்த்தார்கள். பாதிப் பேரை ஸ்கேனுக்கு அழைத்தார்கள், பாதிப் பேரை அழைக்கவில்லை. அழைக்கப்பட்டவர்களிடையே இந்தப் புடைப்பினால் வரும் சாவு நூற்றுக்கு 42 பங்கு குறைந்தது. அதன் பிறகு 2009 முதல் அங்கே 65 வயதாகும் ஆண்களை அரசாங்கமே அழைத்து ஸ்கேன் பார்க்கத் தொடங்கியது. நம் நாட்டில் அப்படி வீடு தேடி அழைப்பு வராது. நாமேதான் போய்க் கேட்க வேண்டும்.

புடைப்பு இருக்கிறது என்று தெரிந்தாலும் எல்லாருக்கும் அறுவை வேண்டியதில்லை. சிறியதாக இருந்தால் குறித்த காலத்தில் ஸ்கேன் பார்த்து அளந்துகொண்டே வருவார்கள். பொதுவாக ஆண்களுக்கு 5.5 செண்டிமீட்டர் ஆனதும் சரிசெய்ய வேண்டும் என்பார்கள்.

சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, வயிற்றைத் திறந்து கெட்ட பகுதிக்குப் பதில் துணிக்குழாய் வைத்துத் தைப்பது. 1951இல் பாரிஸில் டாக்டர் துபோஸ்ட், இறந்தவரிடமிருந்து எடுத்த குழாயை வைத்து வழி காட்டினார். பிறகு அமெரிக்காவில் டாக்டர் டிபேக்கி, கடையில் வாங்கிய டாக்ரான் துணியைத் தம் மனைவியின் தையல் மெஷினில் தைத்துக் குழாய் செய்தார்! இன்னொன்று, கவட்டையில் உள்ள இரத்தக்குழாய் வழியாகப் போய், உள்ளேயே துணி போர்த்திய ஸ்டென்டை விரிப்பது. வயிற்றுப் புடைப்புக்கு இதை 1990இல் அர்ஜென்டினாவின் டாக்டர் பரோடி செய்து உலகுக்குக் காட்டினார். ரஜினிக்கும் குழாய் வழியாகப் போய் ஸ்டென்ட் வைக்கும் இந்த வகைச் சிகிச்சைதான்.

மாத்திரை இல்லையா என்று கேட்பீர்கள். உயிரணுக்களின் சாவைத் தடுத்துப் புடைப்பு வளராமல் நிறுத்தும் மாத்திரை இன்னும் வரவில்லை. எம்.எம்.பி. என்ற கறையானை அடக்கும் என்று நம்பி டாக்சிசைக்கிளின் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை என்று 2020இல் முடிவு வெளிவந்தது. எலியிடம் ஜெயித்தது மனுஷனிடம் ஜெயிக்க இன்னும் நாளாகும். அதனால்தான் நாம் செய்யக் கூடியதை நாம் செய்ய வேண்டும் என்கிறேன்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

“பாரம் தூக்கினதாலதான் வந்துச்சா ஐயா?” இல்லை. பாரம் தூக்கியதால் இந்த நோய் உண்டாவதில்லை. ஆனால் புடைப்பு இருப்பது தெரிந்தவர்கள், செம்பனைக் குலை போன்ற பெரும் பாரம் தூக்கலாமா என்று டாக்டரைக் கேட்காமல் தூக்கக் கூடாது.

“பொம்பளைங்களுக்கு வராதா?” வரும். ஆண்களைவிடக் குறைவு. ஆனால் பெண்களுக்குச் சிறிய அளவிலேயே வெடித்துவிடும். ஆகவே 5 செண்டிமீட்டர் ஆனதுமே டாக்டர்கள் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார்கள்.

“இனிப்புநீர் இருந்தா இது சீக்கிரம் வருமா?” அதிசயமாக இருக்கும், இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இந்தப் புடைப்பு சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. அதற்காக இனிப்புநீர் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்! கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் அது விட்டு வைக்காது.

இனிச் செய்ய வேண்டியது

1. புகைப்பதை நிறுத்துங்கள். குறைப்பது போதாது, நிறுத்த வேண்டும். புகைப்பவருக்குப் புடைப்பு வேகமாக வளர்கிறது. எழுபது வயதில் நிறுத்தினாலும் இலாபம்தான். முடியவில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் உதவி கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2. இரத்தக் கொதிப்பைப் பாருங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. ஒரு சிகரெட் பெட்டியின் விலையில் ஒரு வருஷத்துக்குக் கொதிப்பைப் பார்த்துவிடலாம். மாத்திரை கொடுத்தால் தலைவலி வந்தால் மட்டும் போடுவது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். தினமும் போட வேண்டும்.

3. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்காகப் பெக்கா பி40 என்ற இலவசப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று கிளினிக்கில் விசாரியுங்கள். அதில் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்ப்பார்கள். பெருந்தமனி ஸ்கேனைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

4. 65 வயதுக்கு மேற்பட்ட ஆணாக இருந்து, எப்போதாவது புகைத்த பழக்கம் இருந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்திருந்தால், டாக்டரிடம் நேராகச் சொல்லுங்கள்: “வயிற்றுப் பெருந்தமனியை ஒரு தடவை ஸ்கேன் பார்க்க முடியுமா?” இப்படிக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

5. புடைப்பு உள்ளவர்கள் வேறு நோய்க்கு மருந்து வாங்கும்போதும் அதைச் சொல்ல வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற கிருமி மருந்துகளை இவர்களுக்கு வேறு வழி இருக்கும்போது தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018 டிசம்பரில் எச்சரித்தது.

தோழர்களே, நம்மில் பலர் அறுந்து விழுந்த பிறகுதான் கயிற்றைப் பார்ப்போம். சம்பளத்துக்கும் வீட்டுக்கும் சங்கத்தில் ஒன்றுசேர்ந்து கேட்கத் தெரிந்த நாம், நம் உடம்புக்காக ஒரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தயங்கலாமா? அடுத்த முறை அப்பாவின் கொதிப்பு மாத்திரைக்குக் கிளினிக் போகும்போது, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அவருடைய வயதையும் புகைத்த பழக்கத்தையும் டாக்டரிடம் சொல்லி, இந்த ஸ்கேனைப் பற்றிக் கேட்டுவிட்டு வாருங்கள்.